தோளில் சொட்டிய மழை

ஆவுடைத்தாயின் வலது தோளிலிருந்து முதல் சொட்டு பாத்திக்குள் விழுந்ததும், அடுத்த பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஏசுவடியாள் "சொட்டிட்டு!" என்று குரல் கொடுத்தாள், அந்தக் குரல் வரப்பு வரப்பாகத் தாவிக் கடைசிப் பாத்தியை எட்டுவதற்குள் நாற்பது பேரும் உப்பு வாரும் பலகைகளைப் போட்டுவிட்டுத் தட்டுமேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. மாசி வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. ஆனாலும் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மேட்டில் குவித்திருந்த உப்பு அம்பாரங்களின் மேல் தார்ப்பாயை இழுத்து, ஓரங்களில் கல் ஏற்றி, கொண்டுவந்த சோற்றைத் தின்று, கை கழுவி, வெற்றிலை போட்டு உட்கார்ந்தபோது மேற்கிலிருந்து மேகம் வந்தது.

"இன்னைக்கு அஞ்சு நிமிசம் பிந்திட்டு," என்றார் கணக்கப்பிள்ளை சிவனணைஞ்சான், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

"வர்ற வழியில மழைக்குக் கால்ல முள்ளு குத்தியிருக்கும்," என்றாள் ஏசுவடியாள்.

ஆவுடைத்தாயின் தோளில் அந்தக் கட்டி வந்து ஆறு வருடம். முதலில் கொசு கடித்த தடிப்பு மாதிரி இருந்தது, பிறகு நெல்லிக்காய் அளவு, பிறகு தோலுக்கு அடியில் யாரோ ஒரு கூழாங்கல்லை ஒளித்து வைத்தது போல. வலி இல்லை, அரிப்பு இல்லை. இரண்டாம் வருடம் ஒரு சித்திரை மதியம் அது நனைந்தது. வியர்வை என்று ஆவுடைத்தாய் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் நனைந்தது. மூன்று மணி நேரம் கழித்து, யாரும் எதிர்பாராத மழை கொட்டி ஒரு வாரத்து உப்பைக் கரைத்துவிட்டுப் போனது. ஐந்தாவது தடவையும் இப்படி நடந்தபோது சிவனணைஞ்சான் வந்து, அவள் தோளை ஒரு விரலால் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பளத்தில் எல்லாமே கரிக்கும். வியர்வை கரிக்கும், கண்ணீர் கரிக்கும், குடிப்பதற்கு லாரியில் வருகிற தண்ணீரும் கொஞ்சம் கரிக்கும். இது கரிக்கவில்லை. "நல்ல தண்ணி," என்றார். அதோடு விசாரணை முடிந்தது.

அதற்குப் பிறகு, ஊருக்கு ஒரு புது பஸ் விட்டால் ஊர் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. நேரத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடந்தது. கருவாடு காயப்போடுகிற பெண்கள் பாயை விரிப்பதற்கு முன் ஒரு நடை வந்து ஆவுடைத்தாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பந்தல்காரர் முகூர்த்தத்துக்கு முந்தின நாளே வந்து அவள் வீட்டு வாசலில் பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து உப்பளத்துக்காரர்கள் சைக்கிளோடு ஒரு ஆளை அனுப்பி, வரப்போரமாக, வேறு எதற்கோ வந்தவன் போல நிற்கவைத்தார்கள். தையல்காரர் ஒருவர் யாரும் கேட்காமலே அவளுடைய ரவிக்கைகளுக்கெல்லாம் வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணி மூடியும், அதற்கு ஒற்றைக் கொக்கியும் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அது பெரிய வசதியாகிப் போனது. கூடை சுமந்து போகிறவர்கள், டீ கொண்டு வருகிறவர்கள், நலம் விசாரிக்கிறவர்கள், எல்லோரும் பேச்சோடு பேச்சாக அந்தக் கொக்கியைக் கழற்றி, எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே போய்விடுவார்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை ஆவுடைத்தாய்தான் இடது கையால் அதைத் திரும்ப மாட்டிக்கொள்வாள்.

"தெறந்த கதவச் சாத்திட்டுப் போவணும்னு ஒரு சிறுக்கிக்காவது தெரியுதா," என்று சத்தம் போடுவாள். ஆனால் அந்தச் சத்தத்தில் கோபம் இருக்காது. பதினேழு வருடம் உப்பு வாரியிருக்கிறாள். கட்டி வருவதற்கு முன்னால் கணக்கப்பிள்ளைக்கு அவள் பெயர் தெரியாது. 'மூணாம் பாத்தி' என்றுதான் கூப்பிடுவார்.

இந்தச் சித்திரைக் கடைசியில் சொட்டிய தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது.

ஊர் அதைப் பற்றியும் பேசியது. சிவப்பு மழை பெய்யும் என்றார்கள். உப்பில் சாயம் இறங்கினால் யார் வாங்குவார்கள் என்று கவலைப்பட்டு இரண்டு தார்ப்பாய் கூடுதலாகப் போட்டார்கள். மழை எப்போதும் போல வெறும் தண்ணீராகவே பெய்தது. எல்லோருக்கும் நிம்மதி. தங்கமாடனுக்கு மட்டும் இல்லை. அவன் ஆவுடைத்தாயின் புருஷன், லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவன், அதிகம் பேசமாட்டான். அன்று ராத்திரிச் சோறு போடும்போது அவளுடைய ரவிக்கையில் இருந்த கறையைப் பார்த்தான்.

"ஏட்டி, மழைக்கு எப்பிடி ரத்தம் வரும்?"

"எனக்கென்ன தெரியும். மழையக் கேளும்."

"நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்," என்றான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளைக் கேட்காமல் அவன் சொன்ன முதல் முடிவு அது என்பதால் அவள் மறுக்கவில்லை.

டாக்டர் எப்சிபா தோல் கட்டிகளை அறுப்பதற்கென்றே படித்தவர். குள்ளமானவர், மூக்கு நுனியில் கண்ணாடி, பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கட்டியின் முகத்தைப் பார்ப்பவர். அவர் கட்டியை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார். அதன் ஓரங்களை, துணியின் தரத்தைப் பார்ப்பது போல, தடவிக்கொண்டே வந்தார். கழுத்துப் பக்கம் வந்ததும் நின்று, அங்கேயே மறுபடியும் தடவினார். பிறகு அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்.

"எத்தன வருசமாம்மா?"

"ஆறு, டாக்டரம்மா."

"ஏதாவது வடியுதா?"

"மழைக்கு முந்திச் சொட்டும்."

"எவ்வளவு முந்தி?"

"மூணு மணி நேரம். இப்பப் பிந்துது, கொஞ்சம்."

டாக்டர் அதை நோயாளிச் சீட்டில் எழுதிக்கொண்டார். "தண்ணி எப்பிடி இருக்கும்? சீழா, நிணநீரா?"

"நல்ல தண்ணி. கணக்கப்பிள்ள ருசி பாத்தாரு."

டாக்டர் முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "இனிமே யாரும் ருசி பாக்கக் கூடாது," என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

மரத்துப்போகச் செய்து, பேனா மூடி மாதிரியான ஒரு வட்டக் கத்தியால் கட்டியின் ஓரத்தில் மிளகளவு எடுத்து, சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இது லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத கட்டி. "இருவத்திரெண்டு வருசத்துல ரெண்டு பாத்திருக்கேன், இது மூணாவது. அந்த ரெண்டும் மழை சொல்லல." அவசரப்படாது, வேறு உறுப்புக்குத் தாவுவதும் அபூர்வம். ஆனால் வேர் விடும். கண்ணுக்குத் தெரிகிற கட்டியை மட்டும் எடுத்தால் விட்ட வேரிலிருந்து மறுபடியும் வரும், முன்னைவிட முரடாக வரும், ஒரு நாள் நெஞ்சுக்குள் இறங்கும். அதனால் சுற்றிலும் இரண்டு விரல் அகலம் சேர்த்து, அடியில் தசையை மூடியிருக்கும் சவ்வு வரைக்கும் எடுக்க வேண்டும்.

"கழுத்துப் பக்கம் மட்டும் அவ்வளவு எடுக்க மாட்டேன். அங்கனதான் கையத் தூக்குற நரம்பு போகுது. அதுல கை வச்சா அப்புறம் நீ பலகை இழுக்க முடியாது. தலை கூட வாரிக்க முடியாது."

ஊர் கூடியது. அறுக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிவனணைஞ்சான் மட்டும் துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "வேலை ஓடுற சமயம். புரட்டாசி முடியட்டுமே. அதுக்கப்புறம் எப்பிடியும் அளத்த மூடத்தானே போறோம்," என்றார்.

"சரி அண்ணாச்சி. அதுவரைக்கும் அந்தக் கட்டிய உம்ம தோள்ல வச்சுக்கிடும்," என்றாள் ஏசுவடியாள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு ஆவுடைத்தாயின் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவர் சிவனணைஞ்சான்தான்.

அறுவை நாளில் டாக்டர் ஊதா மையால் தோளில் கட்டியைச் சுற்றி ஒரு கோடு போட்டார். கோடு மூன்று பக்கம் அகலமாகவும் கழுத்துப் பக்கம் ஒடுங்கியும், ஒரு தீவின் படம் போல இருந்தது. எடுத்த துண்டில் இரண்டு நூல் தைத்தார்: நெஞ்சுப் பக்கம் குட்டை நூல், கழுத்துப் பக்கம் நீள நூல். உடம்பை விட்டு வந்தபின் எது எந்தப் பக்கம் என்று சதைக்குத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு நூல்தான் சொல்ல வேண்டும். அதை மருந்து நீர் நிரம்பிய பாட்டிலில் போட்டு, தங்கமாடனின் கையில் கொடுத்தார். கட்டியின் ஓரங்களை முழுக்கச் சீவிப் பார்க்கிற ஆய்வகம் அடுத்த மாவட்டத்தில் இருந்தது; வீட்டுக்காரர்தான் கொண்டுபோக வேண்டும்.

"எல்லா ஓரமும் சுத்தம்னு தெரிஞ்ச பிறகுதான் புண்ண மூடுவேன். அதுவரைக்கும் கட்டு மட்டும்தான். எட்டு நாளைக்கு மேல திறந்து வைக்க முடியாது. பத்திரமாப் போங்க."

தங்கமாடன் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஒரு மணி நேரப் பயணத்தில் அவன் வேட்டி நனைந்தது. பாட்டிலுக்குள் கட்டி சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஏறி, மூடியைத் தள்ளி, வழிந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன என்று கேட்டார், இவன் சொன்னான், அவர் கண்டக்டரிடம் சொன்னார், கண்டக்டர் எல்லா ஜன்னலுக்கும் ஷட்டரை இறக்கிவிடச் சொன்னார். தங்கமாடன் பாட்டிலை முகர்ந்து பார்த்தான். மருந்தின் நெடி போய்விட்டது. இப்போது இருப்பது நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரில் எதைப் போட்டாலும் மூன்று நாளில் அழுகிவிடும் என்பது உப்பளத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எது கெடாமல் வைக்கும் என்பதும் தெரியும். சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் டீக்கடையோரம் உப்பு லாரி ஒன்று நின்றது. இறங்கினான். தண்ணீரைக் கொட்டினான். நல்ல வெள்ளை உப்பாகப் பார்த்து இரண்டு கை அள்ளி, அவள் தோளை அதற்குள் வைத்து, மேலேயும் உப்பைப் போட்டு அமுக்கி மூடினான். அடுத்த பஸ்ஸில், மழைக்குள், மனநிம்மதியோடு போய்ச் சேர்ந்தான்.

நான்காம் நாள் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. டாக்டர் எப்சிபா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தங்கமாடனைக் கூப்பிட்டார்.

"உப்புலயா போட்டீரு?"

"கெட்டுப்போவக் கூடாதுன்னுதான், டாக்டரம்மா."

"கெட்டுப் போகல. திராட்சை மாதிரிச் சுருங்கிப் போச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று பக்கம் சுத்தம். நீள நூல் பக்கம், உப்பு முதலில் தொட்ட பக்கம், ஓரம் சிதைந்துவிட்டது. அங்கே வேர் நிற்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. தெரியாத இடத்தில், இருக்கிறதாக வைத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். ஒரு விரல் அகலம் முழுக்க. அதோடு நரம்பும் அறுந்துவிடும்.

தங்கமாடன் வார்டுக்கு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். சொல்லி முடித்ததும், தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "இத வெட்டி ஒனக்கு ஒட்ட முடியுமான்னு கேட்டேன். முடியாதாம்," என்றான்.

"உம்ம கைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? மூட்டை தூக்கவா?" என்றாள் ஆவுடைத்தாய். பிறகு, "மருந்துத் தண்ணி நாறியிருக்கும். நீரு போட்டது வெள்ளை உப்புதானே?" என்று கேட்டாள்.

"நல்ல வெள்ளை உப்பு."

"பெறவென்ன."

யோசனை டாக்டருக்குத்தான் வந்தது. வேர் மிச்சமிருந்தால் அதுவும் கட்டிதானே. மழைக்கு முன் அதுவும் சொட்டும். எங்கே சொட்டுகிறதோ அங்கே மட்டும் எடுத்தால் போதும். சொட்டாவிட்டால் எதையுமே எடுக்க வேண்டாம். "எட்டாம் நாள் ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள ஒரு மழை வந்தா நரம்பு தப்பும். வராட்டா வெட்டியாகணும்," என்றார். அது வைகாசி. அந்தக் கரையில் வைகாசி மழை என்பது மூன்று வருடத்துக்கு ஒரு தடவை; இந்த வருடத்து மழை, யாரும் கட்டைப் பிரித்துப் பார்க்காத அறுவை நாளிலேயே பெய்து தீர்ந்திருந்தது.

சேதி உப்பளத்துக்குப் போனது. மழையைக் கூப்பிட அங்கே யாருக்கும் தெரியாது. விரட்டத்தான் தெரியும்: மேகம் கூடினால் பலகைகளை எல்லாம் வரப்பில் கவிழ்த்துப் போடுவது வழக்கம், மேகம் கலைந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே பலகைகளை நிமிர்த்தி நட்டுவைத்தார்கள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. காற்று கூட உலர்ந்து வீசியது. மூன்றாம் நாள் சிவனணைஞ்சான் தட்டுமேட்டில் ஏறி நின்று அம்பாரங்களைப் பார்த்தார்.

"மூடி வச்சிருந்தா அது எப்பிடிய்யா வரும்?" என்றார். "மூடாத அன்னைக்குத்தானே வரும் சனியன்."

தார்ப்பாயின் மேலிருந்த முதல் கல்லை அவரே தள்ளினார். மாசியிலிருந்து வாரிய உப்பு முழுவதும் வெயிலில் மூடாமல், வெள்ளை வெள்ளையாக நின்றது. தார்ப்பாய்களை மடித்துக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். பக்கத்து உப்பளத்துச் சைக்கிள்காரன் அதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, அவர்களும் இரண்டு அம்பாரங்களைத் திறந்துவைத்தார்கள்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். நாற்பது பேரை ஒரு கட்டிலுக்கு விடமாட்டேன் என்று வாசலில் நர்ஸ் சொன்னார். ஆளுக்கு ஒரு கட்டிலாகப் பார்க்க வந்தவர்கள் போலப் பிரிந்து உள்ளே வந்து, ஆவுடைத்தாயின் கட்டிலருகே ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். ஏசுவடியாள் திறந்துவைத்த அம்பாரங்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி ராத்திரியெல்லாம் மேட்டுலதான் படுக்காரு. மேகத்துக்கு வழி காட்ட டார்ச்சு அடிக்காரு."

"டார்ச்சு அடிக்கல. தேள் இருக்கான்னு பாத்தேன்," என்றார் சிவனணைஞ்சான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில், கட்டுக்கு அடியில், கழுத்துப் பக்கமாக, ஊசி முனையளவு ஒரு குளிர்ச்சியை ஆவுடைத்தாய் உணர்ந்தாள்.

யாருக்கும் தெரியவில்லை. அவள் இடது கையைக் கொண்டுபோய், கட்டின் ஓரத்தைச் சரிசெய்வது போல அழுத்திக்கொண்டாள். அப்படியே பிடித்திருந்தால் பஞ்சு குடித்துவிடும். மழை வந்தும் ஒன்றும் சொட்டவில்லை என்று புண்ணை மூடிவிடுவார்கள். தோலுக்கு அடியில் அது மறுபடியும் மெள்ள வளரும், கொசுக்கடியாக, நெல்லிக்காயாக. சித்திரை மதியம் ஒன்றில் "சொட்டிட்டு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நாற்பது பேர் ஓடுவார்கள். ஊருக்கு மழை இருக்கும். மூணாம் பாத்திக்குப் பெயர் இருக்கும். அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். கணக்கப்பிள்ளையின் கண் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. தங்கமாடன் ஜன்னலோரம் நின்று, வானத்தை, மூட்டை ஏற்றுகிறவன் லாரியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கரையில் உப்பு முழுக்கத் திறந்து கிடந்தது.

கையை எடுத்தாள். "ஏட்டி, சொட்டுது," என்றாள்.

யாரோ டாக்டரைக் கூப்பிட ஓடினார்கள்.

"நீங்கல்லாம் ஏன் நிக்கிய? மூணு மணி நேரந்தான் இருக்கு. உப்பு தெறந்து கெடக்கு. ஓடுங்கய்யா!" என்று ஆவுடைத்தாய் சத்தம் போட்டாள்.

யாரும் ஓடவில்லை. டாக்டர் எப்சிபா வந்து, கை கழுவி, உறை மாட்டி, பஞ்சை ஒவ்வொரு அடுக்காக எடுத்தார். சிவந்த புண்ணின் கழுத்தோரத்தில், மிளகாய் விதை அளவு இடத்தில், ஒரு துளி பளபளவென்று ஊறி நின்றது. அவர் ஒற்றி எடுத்தார். அதே இடத்தில் மறுபடியும் ஊறியது. வேறு எங்கும் இல்லை. பக்கத்தில் விரலை வைத்து நரம்பு போகும் தடத்தைத் தடவிப் பார்த்தார். நடுவில் அரை விரல் இடைவெளி இருந்தது. ஊதா மையால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

புள்ளி வைத்து முடித்ததும்தான் அவர்கள் ஓடினார்கள். பஸ் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் பாதி மழை பெய்துவிட்டது. பூட்டிய கொட்டகையின் சாவி சிவனணைஞ்சானின் இடுப்பில் இருந்தது. அவர் ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிட்டிருந்தார். அறுவை அறையின் வெளிப் பெஞ்சில், தங்கமாடனுக்குப் பக்கத்தில், கூரைமேல் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கரையுதே, அண்ணாச்சி," என்றான் தங்கமாடன்.

"கரையட்டும். கடல் எங்கயும் போயிரல," என்றார் அவர்.

இந்தத் தடவை எடுத்தது ஒரு ரூபாய்க் காசு அகலம். பாட்டிலைத் தங்கமாடன்தான் கொண்டுபோனான். மூடியை வழி முழுக்கக் கையால் பொத்திக்கொண்டு போனான். பதில் வந்தது: எல்லா ஓரமும் சுத்தம். டாக்டர் தொடையிலிருந்து வெங்காயச் சருகு போல மெல்லிய தோலைச் சீவி எடுத்துத் தோளை மூடினார். கட்டுப் பிரித்த அன்று, "கையத் தூக்கு," என்றார். ஆவுடைத்தாய் தூக்கினாள். முதலில் காது வரைக்கும், பிறகு தலைக்கு மேல்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டணும். இன்னொண்ணு, இந்தப் புதுத் தோலுக்கு வேர்க்காது. ஒரு சொட்டு கூட வராது. அதனால வெயில் தாங்காது, பொசுங்கிரும். எப்பவும் மூடியே வச்சிருக்கணும்."

"ஒரு சொட்டு கூடவா?"

"ஒரு சொட்டு கூட."

அந்தப் பருவம் முடியும்வரை அவளை வேலைக்கு விடவில்லை. அடுத்த மாசியில் அவள் உப்பளத்துக்குத் திரும்பியபோது மூன்றாம் பாத்தியில் அவளுடைய பலகை நட்டபடியே நின்றது. மழையை இப்போது போனில் பார்த்தார்கள். போன் பெய்யும் என்ற நாளில் காய்ந்தது, காயும் என்ற நாளில் பெய்தது. சிவனணைஞ்சான் போனைத் திட்டினார். "ஆவுடை, நீ என்ன நெனைக்கே?" என்று வரப்பில் நின்று கேட்டார். "எனக்கென்னய்யா தெரியும்," என்று அவள் சொன்னாலும், மறுநாளும் கேட்டார். பந்தல்காரர் பழக்கத்தில் வந்து வாசலில் பீடி குடித்துவிட்டுப் போனார்.

வெயில் உச்சிக்கு வந்தது. ஆவுடைத்தாய் குனிந்து, இரண்டு கையாலும் பலகையை இழுத்து, பாத்தியின் ஓரத்தில் உப்பைக் குவித்துக்கொண்டிருந்தாள். இழுத்த இழுப்பில் ரவிக்கையின் தோள் கொக்கி கழன்று, மூடி மடங்கிக் கிடந்தது. தலையில் கூடையோடு வரப்பில் வந்த ஏசுவடியாள், பின்னால் வந்தவளிடம் மீன் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, ஒரு கையால் கூடையைப் பிடித்தபடி, மறுகையால் அந்தக் கொக்கியை மாட்டிவிட்டு, நிற்காமல் நடந்து போனாள்.